சிறுகோள் பூமிக்கு 'அருகில்' வருகிறது என்றால் எவ்வளவு அருகில்?

சிறுகோள் என்பது சூரியனைச் சுற்றிவரும் ஒரு பாறை. அதன் பாதை பூமியின் பாதையை ஒட்டி அமைந்தால் அதைப் புவியருகு சிறுகோள் என்கிறார்கள். இரண்டும் தத்தம் பாதையில் சுற்றுவதால் எப்போதாவது ஒரே பக்கம் வந்து சேரும், அப்புறம் விலகிப் போய்விடும்.

குழப்பமெல்லாம் 'அருகில்' என்ற சொல்லால்தான். வானியலில் 75 லட்சம் கிலோமீட்டர்கூட அருகில்தான்! நிலா இருக்கும் தூரத்தைப் போல ஏறக்குறைய 20 மடங்கு அது. சரி, பூமியை ஒரு கால்பந்தாக நினைத்துக்கொள்ளுங்கள். நிலா ஆறரை மீட்டர் தள்ளி, டென்னிஸ் பந்தைவிடச் சற்றே சிறிதாக இருக்கும். சிறுகோளோ மைதானத்தின் நீளத்தையே தாண்டி, சுமார் 130 மீட்டருக்கு அப்பால் போகும். 140 மீட்டர் அகலமுள்ள பாறையாக இருந்தாலும், இந்தக் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாத தூசி. இதைப் போட்டுப் பார்த்தபோதுதான் விண்வெளி எவ்வளவு வெறுமையானது என்று எனக்கு உறைத்தது.

'ஆபத்து விளைவிக்கக்கூடியது' என்ற பட்டியலில் பெயர் இருந்தால் அது மோதப்போகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அது பாறையின் அளவையும் பாதையின் நெருக்கத்தையும் வைத்துக் கொடுத்த வகைப்பெயர், மோதலுக்கான முன்னறிவிப்பு அல்ல.