ஆம்பிசிலின் இருந்தும் பிளாஸ்மிட் சுருங்குவது ஏன்?

கேள்வி: லென்டிவைரஸ் வெக்டர் ஒன்றை (மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட், அதாவது டிஎன்ஏ வளையம்) பிஎல்21 என்ற ஈ.கோலை பாக்டீரியா வகையில் வளர்க்கிறேன். ஒரே இடத்தில் வெட்டும் நொதியால் வெட்டி ஜெல்லில் ஓட்டினால், 9 கேபி (9,000 கார இணை) பட்டைக்குக் கீழே இன்னொரு பட்டையும் வருகிறது. பிளாஸ்மிட் இல்லாத செல்களைக் கொல்லும் ஆம்பிசிலின் மருந்தைப் போட்டுத்தான் வளர்க்கிறேன். எங்கே தவறு?

பதில்: ஆம்பிசிலின் மேல் தவறில்லை, தேர்ந்தெடுத்த செல்தான் பொருந்தவில்லை. பிஎல்21-ல் ரெக்ஏ என்ற புரதம் நன்றாகவே வேலை செய்யும். அறுந்த டிஎன்ஏவைச் சரிசெய்ய, அதே வரிசை வேறெங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்துக் கோப்பது அந்தப் புரதத்தின் வேலை. செல்லுக்கு அது பயனுள்ளதுதான். ஆனால் உங்கள் வெக்டரில் மரபணுவின் இரு பக்கமும் எல்டிஆர் என்ற ஒரே மாதிரி வரிசை இருக்கிறது. ரெக்ஏ அவை இரண்டையும் இணைத்துவிட்டால் நடுவிலிருக்கும் மரபணு மொத்தமாகக் கழன்றுவிடும்.

மிஞ்சும் சிறிய வளையத்தில்தான் ஓரியும் (நகலெடுப்பு தொடங்கும் இடம்) ஆம்பிசிலின் எதிர்ப்பு மரபணுவும் இருக்கின்றன. அதனால் மருந்து அதை ஒன்றும் செய்யாது. செல்லுக்கும் சுமை குறைவு. மறுபடி மறுபடி வளர்க்க வளர்க்க, அதுவே பெருகிவிடும்.

ஸ்டேபிள்3 போன்ற, ரெக்ஏ செயலிழந்த செல்லுக்கு மாறுங்கள். டிஎச்5 ஆல்ஃபாவிலும் ரெக்ஏ வேலை செய்யாது. ஒன்றை மறக்காதீர்கள்: இந்தச் செல்கள் இனி நடப்பதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே சிதைந்த பிளாஸ்மிடைச் சரிசெய்யாது. எனவே கையிலிருக்கும் கலவையை நன்றாக நீர்த்து, மிகக் குறைந்த அளவில் புதிய செல்களுக்குள் செலுத்துங்கள் (டிரான்ஸ்ஃபார்ம்). 30 டிகிரியில் வையுங்கள். தட்டில் பெரிதாகத் தெரியும் காலனியை (ஒரே செல்லிலிருந்து வளர்ந்த கூட்டத்தை) எடுக்கத்தான் கை போகும். சின்னக் காலனிகளையும் சேர்த்து ஏழெட்டு எடுங்கள். முழு வெக்டரைச் சுமப்பவை பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும். ஒவ்வொன்றையும் வெட்டிப் பார்த்து, சரியானதை உடனே கிளிசராலில் போட்டு மைனஸ் 80-ல் வைத்துவிடுங்கள்.

ஸ்டேபிள்3-ல் எண்ட்ஏ என்ற டிஎன்ஏ சிதைக்கும் நொதி உண்டு. செல்லிலிருந்து பிளாஸ்மிடைப் பிரித்தெடுக்கும் மினிபிரெப்பில் அதற்கான கூடுதல் கழுவலை விட்டுவிடாதீர்கள். டிஎச்5 ஆல்ஃபாவில் இந்தத் தொல்லை இல்லை.

இத்தனைக்கும் பிறகு சிறிய பட்டை வந்தால், உங்கள் மரபணுவிலேயே தலைகீழாகத் திரும்ப வரும் நீண்ட வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். அது கொண்டை ஊசிபோல் மடியும்போது எஸ்பிசிசிடி என்ற நொதி வெட்டிவிடும். ரெக்ஏவுக்கு அதில் பங்கில்லை. அப்படியானால் எஸ்பிசிசி மரபணு செயலிழந்த ஷ்யூர் வகைச் செல் வேண்டும்.