ஹோஸை மாற்றினால் சகதி போகுமா?

கே: கைமாறிய டீசல் கார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஏசி போட்டு ஏற்றத்தில் போனால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. மெக்கானிக் ரேடியேட்டர் ஹோஸைக் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் போகும் ரப்பர் குழாய்) கழற்றிக் காட்டினார், உள்ளே முழுக்கச் சகதி. "எல்லா ஹோஸையும் மாத்திடலாம், ஏழாயிரம் ஆகும்" என்கிறார். மாற்றலாமா? (சேலம்)

ப: அவசரப்படாதீர்கள். சகதி ஹோஸில் உண்டாவதில்லை, வேறெங்கிருந்தோ வந்து அங்கே தங்குகிறது. எங்கிருந்து என்று பார்க்காமல் மாற்றினால் புது ஹோஸிலும் அதேதான் வந்து சேரும். கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். செம்மண் நிறத்தில் நறநறவென்று இருந்தால் துரு, அதாவது முன்னால் வைத்திருந்தவர் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரில் கலக்கும் திரவம்) இல்லாமல் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறார். கொழகொழவென்று திரண்டிருந்தால் ஒத்துப்போகாத இரண்டு கூலண்ட்கள் கலந்திருக்கலாம். பால் காப்பி நிறத்தில், கழுவினாலும் போகாமல் பிசுபிசுத்தால் எண்ணெய் கலந்திருக்கிறது. அப்படியென்றால் ஒன்று ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் ஓட்டை, இல்லையென்றால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், போயிருக்கிறது. கூலரை முதலில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், ஹெட்டை இறக்கிச் செலவழித்த பிறகு கூலர்தான் ஓட்டை என்று தெரிந்து தலையில் கைவைத்தவர்கள் நிறைய.

அப்புறம் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதோ நொறுங்குகிற மாதிரி இருந்தால் உப்பும் துருவும் படிந்திருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் மேல் ஹோஸ் கொதித்து கீழ் ஹோஸ் குளிர்ந்தே கிடந்தால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்டுக்கு வழிவிடும் வால்வு) கோளாறு. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும்.

இந்தத் தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பல வருட ஆத்திரம். "நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலண்ட் எதுக்கு" என்று சொல்லி போர் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றுகிறார்கள். கூலண்ட் பனிக்கு மட்டும் இல்லை, சாமி! சம அளவு தண்ணீர் கலந்த எத்திலீன் கிளைக்கால் சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும், மூடியின் அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது. போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். கலக்கவும் டிஸ்டில்டு வாட்டர்தான். மலிவு கூலண்ட் கேன்களும் இதே ரகம்தான்: ஹைவே ஓரக் கடையில் நான் வாங்கிய பச்சைக் கேனில் என்ன கலந்திருக்கிறது, எப்போது தயாரித்தது என்று ஒரு எழுத்துகூட அச்சாகவில்லை. சாயத் தண்ணீர். வாட்டர் பம்ப்பைத் தின்றுவிட்டுத்தான் போனது.

கே: பச்சைக் கூலண்டோடு சிவப்பைக் கலக்கலாமா? (மதுரை)

ப: கூடாது. நிறத்தை நம்பியும் வாங்காதீர்கள், கார் புத்தகத்தில் போட்டிருக்கும் வகையைப் பாருங்கள்.

கே: ஆபீஸ் மூன்று கிலோமீட்டர்தான். ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது, பிரீதர் ஹோஸிலும் (இன்ஜினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் குழாய்) இருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போச்சு, 28 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். (தாம்பரம்)

ப: 28 ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், இப்போதைக்கு. குறைந்த தூரம் ஓடும் வண்டியில் ஆயில் சரியாகச் சூடாகாது, உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் மூடியில் இப்படிப் படியும். துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஹைவேயில் ஓட்டிப் பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்து கூலண்ட் அளவும் குறையவில்லை என்றால் கேஸ்கெட் அநேகமாக நன்றாகவே இருக்கிறது. குறைந்தால் கூலண்டில் இன்ஜின் புகை கலக்கிறதா என்று கெமிக்கல் டெஸ்ட் கேளுங்கள், டெஸ்டில் பயன்படுத்தும் நீல திரவம் நிறம் மாறினால்தான் பேச்சு. ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள், பில்லை வையுங்கள். அமெரிக்காவில் 1997 முதல் 2002 வரையிலான சில டொயோட்டா இன்ஜின்களில் ஆயில் கசடாகிப்போக, கம்பெனியே எட்டு வருடத்துக்குச் சரிசெய்து தர ஒப்புக்கொண்டது. அங்கேயும் பராமரித்ததற்கு ஆதாரம் கேட்டார்கள்.

கே: ராத்திரி போய், ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்த காரைப் பார்த்து, அப்போதே அட்வான்ஸ் கொடுத்து வாங்கினேன். மறுநாள் கூலண்ட் ரிசர்வாயர் டப்பாவில் கறுப்புச் சகதி. என்ன செய்வது? (திருச்சி)

ப: ராத்திரியில், அதுவும் ஏற்கெனவே சூடாக்கி வைத்த இன்ஜினோடு, கார் பார்த்தீர்களா? புடவை வாங்கக்கூட வெளிச்சத்துக்குக் கொண்டுபோகிறோம். பகலில், இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். முதலில் நல்ல பட்டறையில் காட்டுங்கள்.

கே: யூஸ்டு கார் கடையில் "இன்ஜினுக்கு ஆறு மாதம் கேரண்டி" என்று பில்லிலேயே எழுதிக்கொடுத்தார்கள். இரண்டாவது மாதம் ஹெட் கேஸ்கெட் போனது. ரேடியேட்டரில் ஓட்டையை அடைக்கும் பவுடர் கொட்டியிருந்ததாகப் பட்டறையில் சொன்னார்கள். கடைக்காரர் போனே எடுப்பதில்லை. (கோவை)

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், உங்கள் தப்பு எதுவும் இல்லை. பில்லில் எழுதி வாங்கியது பெரிய பலம். பட்டறைக்காரரிடம் பவுடர் விவரத்தைக் கையெழுத்தோடு வாங்குங்கள், ஹோஸையும் பழைய கூலண்டையும் எடுத்து வைத்து, போட்டோவும் எடுங்கள். கடைக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கார் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து பாருங்கள். இதற்கிடையில் "கொண்டு வாங்க, ஃப்ளஷ் பண்ணித் தரோம்" என்று கடைக்காரர் இளகினால் வண்டியை அனுப்பிவிடாதீர்கள், கழுவிவிட்டால் சாட்சியும் சேர்ந்து போய்விடும்.