பனி தள்ளிய எஞ்சின் லீக்ஸ் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்குமா?

வாசகர் கேள்வி, மெஷின் பதில்

கேள்வி: கனடாவில் இருக்கும் உறவினர் கொள்கலனில் பழைய ஸ்னோ ப்ளோவர் ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டார். 8 குதிரைவலு டெக்கும்சே எஞ்சின், பல வருடங்களாக ஓடவில்லை. பனி தள்ளும் பகுதியைக் கழற்றிவிட்டு, லீக்ஸ் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புக்கு இந்த எஞ்சினைப் பூட்டலாமா?
– வாசகர், கந்தப்பளை

பதில்: பூட்டலாம். ஆனால் அப்படியே ஓட்டினால் ஒரு வறட்சிக் காலத்துக்குள் சிலிண்டர் தேய்ந்துவிடும். காரணம், இந்த வகை எஞ்சினுக்கு ஏர் ஃபில்டரே கிடையாது. பனியில் தூசி இல்லை; ஃபில்டர் வைத்தால் அதில் பனித்தூள் உறைந்து காற்றை அடைத்துவிடும் என்றுதான் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். நம் ஊரில் ஜனவரி, பெப்ரவரியில் விழும் உறைபனி வெயில் வந்ததும் போய்விடும். பாத்திக்கரைத் தூசி போகாது. காபரேட்டரைச் சுற்றியுள்ள தகரப் பெட்டியைக் கழற்றுங்கள். அது சூட்டைப் பிடித்து வைப்பதற்கானது, இங்கே தேவையில்லை. காபரேட்டர் வாயின் அளவுக்கு ஒரு தகடு வெட்டி, பழைய பம்பு எஞ்சினின் ஃபில்டர் பெட்டியை அதில் பொருத்துங்கள். இடையில் கேஸ்கட் வேண்டும். காற்று ஃபில்டர் வழியாக மட்டுமே போக வேண்டும். ஊசி நுழையும் இடைவெளி இருந்தாலும் செய்த வேலை வீண்.

இன்னொரு ஆபத்து செல்ஃப் ஸ்டார்ட்டர். வயர் குத்தி ஸ்டார்ட் செய்யும் மோட்டர் இருந்தால் அது கனடாவின் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் குத்தினால் எரிந்துபோகும். கயிறு இழுத்தே ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆனால் கயிற்றை உடனே இழுக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளைக்குள் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிளக்கைத் திரும்பப் பூட்டியபின் கயிறு எந்த இறுக்கமும் இல்லாமல் வந்தால், அநேகமாக ஒரு வால்வு துருவில் ஒட்டித் திறந்தே நிற்கிறது. இந்தப் பழைய எஞ்சின்களில் வால்வு பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும். ஹெட்டைக் கழற்றினால் கண்ணுக்கே தெரியும். துரு இளக்கும் ஒயில் விட்டு மேலும் கீழும் அசைத்து விடுவியுங்கள். ஹெட்டைத் திரும்பப் பூட்டும்போது புதிய கேஸ்கட் போடுங்கள்.

அடுத்தது காபரேட்டர். பலர் தோற்றுப்போவது இங்கேதான். அடியிலுள்ள கிண்ணத்தைப் பிடித்திருக்கும் போல்ட் வெறும் போல்ட் அல்ல, பெற்றோலை அளந்து விடும் ஜெட்டும் அதுவே. அதன் பக்கத்தில், புரிக்கு அருகே, மயிரிழை அளவில் ஒரு துளை இருக்கும். பழைய பெற்றோல் அதில் பிசினாகக் காய்ந்து அடைத்திருக்கும். மெல்லிய செம்புக் கம்பி இழை ஒன்றை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். ட்ரில் போட்டுத் துளையைப் பெரிதாக்கினால் எஞ்சின் கரும்புகைதான் தள்ளும். பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்த மாதிரியாக இருந்தால் அடித் திருகை மெதுவாக இறுக்கி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று தளர்த்தி ஆரம்பியுங்கள். உறைகுளிரின் அடர்ந்த காற்றுக்கு ஏற்பத்தான் அங்கே பெற்றோலைக் கூட்டி வைத்திருப்பார்கள். நம் உயரத்தில் காற்று மெலிந்தது. பிளக் கறுத்தால் திருகைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கிக்கொண்டே வாருங்கள்.

நெருப்பு வரவில்லையா? பழைய மாதிரியானால் பொயின்ட் (பிளக்கில் பொறி வரவைக்கும் சிறு மின் சுவிட்ச்) ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும். புல்லர் போட்டுக் கழற்றுங்கள், சுத்தியலால் அடிக்கவே அடிக்காதீர்கள். பொயின்ட்டைத் தேய்த்து 0.5 மில்லிமீற்றர் இடைவெளி வையுங்கள். பிளக்குக்கு 0.75. இது நான்கு ஸ்ட்ரோக். மருந்தடிக்கும் மெஷினுக்குக் கலப்பதுபோல் பெற்றோலில் ஒயில் கலக்கக்கூடாது.

எஞ்சினோடு ஒட்டி வரும் பம்பு இதன் சாப்பில் (சுழலும் தண்டில்) ஏறாது. தனி பேரிங் உள்ள பம்பை பெல்ட் போட்டு ஓட்டுங்கள். எஞ்சின் அதிகபட்சம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,600 சுற்று ஓடும். பம்பின் தகட்டில் உள்ள வேகத்தைப் பார்த்து பெல்ட் ஓடும் சக்கரத்தின் (புலி) அளவைத் தீர்மானியுங்கள். சில எஞ்சின்களில் இரண்டு சாப்பு இருக்கும். சிறியது வால்வுகளைத் திறக்கும் கேம் சாப்பிலிருந்து வருவது, அது பாதி வேகத்தில்தான் சுற்றும், பெரியதையே எடுங்கள். உயரம் 300 மீற்றர் கூடக்கூட ஏறக்குறைய 3.5 சதவீத வலு குறையும். ஆகவே உங்கள் 8 குதிரைவலுவை ஆறரைக்கும் குறைவாகவே கணக்கிடுங்கள்.

கேள்வி: எங்கள் 2 அங்குலப் பம்பு மழைக்காலத்தில் நன்றாக இழுக்கிறது. இப்போது கிணற்று மட்டம் 7 மீற்றருக்கு இறங்கியதும் தண்ணீர் ஏறவில்லை. சீல் மாற்றியும் பயனில்லை. பம்பு 8 மீற்றர் இழுக்கும் என்றுதானே பெட்டியில் போட்டிருக்கிறது?
– வாசகர், நுவரெலியா

பதில்: அந்த 8 மீற்றர் கடல் மட்டத்துக்கான கணக்கு. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை, வெளிக்காற்றுதான் அதை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் காற்றால் 10.3 மீற்றர் வரை தள்ள முடியும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 8.2 மட்டுமே. அங்கேயே 2 மீற்றர் போய்விட்டது. ஆகவே உங்கள் பம்பிடம் 5 முதல் 6 மீற்றருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கிணற்றை ஒட்டி மண்ணை வெட்டிப் படி அமைத்து, பம்பை 2 மீற்றர் கீழே இறக்கி வையுங்கள். மேலே அனுப்பும் குழாய் நீண்டாலும் பரவாயில்லை. உறிஞ்சும் குழாய்தான் குட்டையாக இருக்க வேண்டும். அதன் மூட்டுகளில் கிரீஸ் பூசிப் பாருங்கள். அதன் பிறகு தண்ணீர் ஏறினால் காற்று புகுந்த இடம் அதுதான். தண்ணீர் ஊற்றாமல் பம்பை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம், புதுச் சீலும் கருகிவிடும்.

கேள்வி: புல் வெட்டும் மெஷின் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. சற்று ஆறியதும் மறுபடி ஓடுகிறது.
– வாசகர், தலவாக்கலை

பதில்: நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், மெஷின் உடனே ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் சைலன்சருக்குள் இருக்கும் சிறு வலையைக் கழற்றிக் கரியைத் தட்டி எடுங்கள்.