டூல் வாங்கும் முன்: மார்க்கெட்டிங் ஆட்டோமேஷன் கேள்வி-பதில்

சமீபத்தில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்றுதான் முடிகின்றன. பெயர்களோடேயே பதில் சொல்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த டூல்கள் உங்களுக்காகச் செய்வது ஞாபகம் வைத்துக்கொள்வது. யாருக்கு, எப்போது, என்ன அனுப்ப வேண்டும் என்பதை அவை மறப்பதில்லை. அனுப்புவதற்குச் சம்மதம் வாங்குவதும், திரும்பி வருகிற பதிலைப் படிப்பதும் கடையில் இருக்கும் மனிதர்களின் வேலை, அந்த இரண்டும் நடக்காத இடத்தில் எவ்வளவு செலவழித்தாலும் பலன் இல்லை.

கேள்வி: இளம்பிள்ளையில் சேலை மொத்த வியாபாரம். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் தினமும் புது டிசைன் போடுகிறோம், ஒரு லிஸ்ட்டில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியவில்லை. 'அன்லிமிடெட் பல்க் சென்டர்' என்று ஒருவர் 3,000 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது உங்கள் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆள் கையால் அனுப்புவதுபோல ஒவ்வொரு நம்பராகத் தட்டிக்கொண்டே போகும். வாட்ஸ்அப் விதிகளுக்குப் புறம்பான வேலை, பிடிபட்டால் நம்பரையே முடக்கிவிடுவார்கள். இத்தனை வருடம் பில் புத்தகத்திலும் கட்டைப்பையிலும் அச்சடித்த நம்பர் தீபாவளி நேரத்தில் போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள். லிஸ்ட் ஒன்றுக்கு 256 பேர் என்பதால் பல லிஸ்ட் வைத்துக்கொள்ளலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். இது பல கடைக்காரர்களுக்குத் தெரியவே இல்லை. பில் போடும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்புறம் பிசினஸ் ஆப்பில் இருக்கிற லேபிளைப் பயன்படுத்தி ரீசெல்லர், சில்லறை, காட்டன், சாஃப்ட் சில்க் என்று ஆட்களைப் பிரியுங்கள். காட்டன் மட்டுமே வாங்குகிற அக்காவுக்குத் தினம் 40 பட்டுச்சேலைப் படம் போனால் அவர் மியூட் பண்ணத்தான் செய்வார்.

இதற்கும் மேல் வளர்ந்தால் வாட்ஸ்அப்பின் அதிகாரப்பூர்வ ஏபிஐக்குப் (உங்கள் சாஃப்ட்வேரை வாட்ஸ்அப்போடு நேரடியாக இணைக்கும் வழி) போகலாம். அங்கே விளம்பரச் செய்தி எல்லாம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட்டாக, அதாவது மாதிரிச் செய்தியாக, இருக்க வேண்டும், ஒரு செய்திக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய் என்று கணக்கில் வையுங்கள். 5,000 பேருக்குத் தினமும் அனுப்பினால் மாதம் ஒன்றரை லட்சம், அது கட்டுப்படியாகாது. ஆனால் வாடிக்கையாளர் உங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டால் அதிலிருந்து 24 மணி நேரத்துக்கு அவரோடு சாதாரணமாகப் பேசுவதற்குக் கட்டணம் கிடையாது. அதனால் "இந்த வாரம் புது காட்டன் வந்திருக்கிறது, பார்க்க விரும்பினால் 'ஆம்' என்று அனுப்புங்கள்" என ஒரே ஒரு டெம்ப்ளேட் அனுப்பி, ஆம் என்றவருக்கு மட்டும் படங்களை அனுப்புங்கள். செலவும் குறையும், பிளாக் பண்ணுகிறவர்களும் குறைவார்கள். பிளாக் கூடினால் உங்கள் நம்பரின் தர மதிப்பீட்டை வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா நிறுவனம் இறக்கிவிடும் என்பதால் அதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கோவை பீளமேட்டில் பம்ப், உதிரிபாகக் கடை. ஆன்லைனில் தினமும் 15, 20 என்கொயரி வருகிறது. கொட்டேஷன் அனுப்பிய பிறகு பாதிப் பேரை மறந்துவிடுகிறோம். ஜோஹோவா, ஹப்ஸ்பாட்டா? மகன் எல்லாவற்றையும் ஆட்டோமேட் பண்ணிவிடலாம் என்கிறான்.

பதில்: உங்கள் அளவுக்கு ஜோஹோவின் பிகின் (Bigin) என்ற சாஃப்ட்வேர் போதும். 2020இல் சின்ன வியாபாரங்களுக்கென்றே கொண்டுவந்தது, வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் பெரிய சிஆர்எம் சாஃப்ட்வேரில் உள்ள பல விஷயங்கள் இதில் இல்லை, உங்களுக்கு அது வசதிதான். ஹப்ஸ்பாட் அருமையான கருவி. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படித்த பிரையன் ஹாலிகனும் தர்மேஷ் ஷாவும் 2006இல் ஆரம்பித்தது, பயனுள்ள விஷயங்களை எழுதி வைத்து வாடிக்கையாளரைத் தானாகத் தேடி வரவைப்பது என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்டது. உங்களைத் தேடி ஆட்கள் ஏற்கெனவே வருகிறார்கள். வந்தவரை விட்டுவிடுவதுதான் உங்கள் பிரச்சினை, அதற்கு அவ்வளவு பெரிய சாமான் தேவையில்லை.

அதற்கும் முன்னால் ஒரு மாதம் கூகுள் ஷீட்டில் ஓட்டுங்கள். தேதி, பெயர், ஊர், என்ன கேட்டார், விலை எப்போது அனுப்பினோம், அடுத்து எப்போது பேச வேண்டும், வாங்கவில்லை என்றால் ஏன். இந்தக் கடைசிக் கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை, அதில்தான் வியாபாரமே இருக்கிறது. நிரப்பிப் பார்த்தால் உங்களிடம் வருகிறவர்கள் குறைந்தது மூன்று வகை என்று தெரியும். மோட்டார் எரிந்துபோய் பயிருக்குத் தண்ணீர் இல்லாமல் தவிக்கிற விவசாயிக்கு இன்றைக்கே பதில் வேண்டும், மூன்றாம் நாள் ஃபாலோ-அப் போனால் அவர் வேறு கடையில் வாங்கி மோட்டாரை இறக்கியே முடித்திருப்பார். அபார்ட்மென்ட் சங்கத்துக்குக் கமிட்டி கூட வேண்டும், இரண்டு வாரம் ஆகும், நடுவில் தினமும் போன் போட்டால் எரிச்சல்தான் வரும். ரீவைண்டிங் கடைக்காரர் விலையை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார், ஆனால் நம்பிக்கை வந்துவிட்டால் வருடம் முழுக்க உங்களிடமே வாங்குவார். மூன்று பேருக்கும் ஒரே வரிசையில் மெசேஜ் போகும்படி செட் பண்ணினால் மூன்று பேரையும் இழப்பீர்கள்.

மெசேஜில் என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். "டியர் கஸ்டமர், உங்கள் மேலான ஆதரவை எதிர்பார்க்கிறோம்" என்று போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "ஐயா, செவ்வாய்க்கிழமை 5 எச்பி சப்மெர்சிபிளுக்கு விலை அனுப்பியிருந்தோம். போர் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று சொன்னால் எத்தனை ஸ்டேஜ் பம்ப் சரியாக இருக்கும் என்று பார்த்துச் சொல்கிறோம்." இதற்குப் பதில் வரும், ஏனென்றால் அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது.

மகனிடம் சொல்லுங்கள்: என்கொயரி வந்த உடனே "கிடைத்தது, இன்னார் கூப்பிடுவார்" என்று போகிற மெசேஜ், உங்கள் ஆட்களுக்குப் போகிற நினைவூட்டல், கோடைக்கு முன்பு பிப்ரவரியில் பழைய வாடிக்கையாளருக்குப் போகிற சர்வீஸ் ஞாபகம், இந்த மூன்றும் தானாக நடக்கட்டும். விலை பேசுவதை யாராவது போனை எடுத்துத்தான் பேச வேண்டும்.

கேள்வி: எங்கள் நகைக்கடையிலிருந்து அனுப்பும் எஸ்எம்எஸ் சில நாள் போகிறது, சில நாள் போகவே இல்லை. பணம் மட்டும் பிடிக்கிறார்கள். தமிழில் அனுப்பினால் செலவு இரண்டு மூன்று மடங்கு ஆகிறதே, ஏன்?

பதில்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி, வணிகச் செய்திகளைப் பதிவு செய்யும் டிஎல்டி தளத்தில் உங்கள் நிறுவனம், அனுப்புநர் பெயர், டெம்ப்ளேட் மூன்றும் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு செய்த டெம்ப்ளேட்டுக்கும் நீங்கள் அனுப்பியதற்கும் ஒரு இடைவெளி, ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தாலே நின்றுவிடலாம். 2024 அக்டோபரிலிருந்து செய்திக்குள் இருக்கும் லிங்க்கையும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். விளம்பரச் செய்தி என்றால் டிஎன்டியில் (விளம்பரம் வேண்டாம் என்று பதிவு செய்தவர்கள் பட்டியலில்) இருப்பவருக்குப் போகாது. இந்தத் தடையைத் தாண்ட, விளம்பரத்தை விளம்பரமல்லாத தகவலுக்கான 'சர்வீஸ்' வகையில் பதிவு செய்து தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

செலவுக்குக் காரணம் வேறு. ஆங்கில எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து இடம், தமிழுக்கு 70தான். நீளமாகிப் பல துண்டாகப் போனால் ஒரு துண்டுக்கு 67. அதிலும் தமிழில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'தீபாவளி' நமக்கு நான்கு எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் ஏழு. அதற்காகத் தமிழை விட்டுவிட வேண்டாம், செய்தியைச் சுருக்குங்கள். கடை பெயர், சலுகை, கடைசித் தேதி போதும்.

கேள்வி: குன்னூரிலிருந்து தேயிலையை ஆன்லைனில் விற்கிறோம். மெயிலை 62% பேர் திறக்கிறார்கள் என்று காட்டுகிறது, ஆர்டர் இரண்டு மூன்றுதான். ஜிமெயில் முகவரியிலிருந்துதான் அனுப்புகிறோம்.

பதில்: அந்த 62ஐ நம்பாதீர்கள். மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படம் இருக்கும், அது லோட் ஆனால் 'திறந்தார்' என்று கணக்கு. 2021 செப்டம்பரில் ஐபோனுக்கான ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பை ஆன் செய்திருப்பவர்களுக்கு, அவர்கள் மெயிலைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் ஆப்பிளே அந்தப் படத்தை முன்கூட்டி லோட் செய்துவிடுகிறது. எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், இவற்றைப் பாருங்கள்.

முகவரியை உடனே மாற்றுங்கள். சொந்த டொமைன் வாங்கி, மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் செட் பண்ணச் சொல்லுங்கள், தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில்காரர்களுக்கு அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து இவை கட்டாயம், ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. நீங்கள் அந்த அளவுக்கு அனுப்பவில்லை என்றாலும் இப்போதே செய்துவிடுவது நல்லது.

கேள்வி: வணக்கம் அண்ணா, ரொறன்ரோவில் வீட்டிலிருந்து யாழ்ப்பாணக் கறித்தூள் செய்து விற்கிறேன். ஊர்ச்சங்கத்து மின்னஞ்சல் பட்டியல் ஒன்று கிடைத்திருக்கிறது. எல்லோரும் எங்கட ஆக்கள்தான், அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் தங்கச்சி. அவர்கள் சங்கத்துக்குத் தந்த முகவரி அது, உங்களுக்குத் தந்ததில்லை. கனடாவின் ஸ்பேம் தடுப்புச் சட்டம் 2014 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது, நிறுவனங்களுக்கு அபராதம் ஒரு கோடி டொலர் வரை போகலாம். உங்களிடம் வாங்கியவருக்கு இரண்டு வருடம் வரையும், விசாரித்தவருக்கு ஆறு மாதம் வரையும் அனுப்ப அந்தச் சட்டத்தில் இடமுண்டு, மற்றவர்கள் தாங்களாகச் சம்மதிக்க வேண்டும். சங்க நிகழ்ச்சியில் ஒரு சின்ன மேசை போட்டு, தூளை முகர்ந்து பார்க்கக் கொடுத்து, விருப்பமுள்ளவரிடம் முகவரியை எழுதி வாங்குங்கள். அப்படி வருகிற 30 பேர் அந்தப் பட்டியலில் உள்ள அத்தனை பேரையும்விட மேல். இந்தியாவிலும் 2023 தனிநபர் தரவுச் சட்டம் இதே திசையில்தான் போகிறது, இங்குள்ளவர்களும் கவனத்தில் வையுங்கள்.

கேள்வி: இலவசம் என்று ஆரம்பித்த டூல் இப்போது மாதாமாதம் காசு கேட்கிறது. ஓப்பன் சோர்ஸுக்கு மாறலாமா?

பதில்: இது தொடர்ந்து நடக்கிற கதை. மெயில் அனுப்பும் டூலான மெயில்சிம்ப்பின் இலவசத் திட்டத்தில் ஒரு காலத்தில் 2,000 பேர் வரை வைத்துக்கொள்ள முடிந்தது. 2021இல் இன்டூயிட் நிறுவனம் அதைச் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கியது, பிறகு அந்த எண்ணிக்கை 500க்கு இறங்கியது. கம்பெனி கைமாறினால் விலையும் மாறும், அதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

மாடிக், லிஸ்ட்மாங்க் இரண்டும் நல்ல ஓப்பன் சோர்ஸ் கருவிகள், அதாவது கட்டணமில்லாமல் எடுத்து நம் சொந்த சர்வரில் ஓட்டிக்கொள்ளலாம். லிஸ்ட்மாங்க் பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதாவின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் எழுதியது, லேசானது, நியூஸ்லெட்டர் மட்டும் என்றால் அதுவே போதும். ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஆள் இல்லை என்றால் மாதக் கட்டணமே மலிவு. மாறுவது என்று முடிவு செய்தால் ஒன்றை மறக்காதீர்கள்: வாடிக்கையாளர் பட்டியலை எடுக்கும்போது 'விலகியவர்கள்' பட்டியலையும் சேர்த்து எடுங்கள். அது விட்டுப்போனால், வேண்டாம் என்று சொன்னவர்களுக்கெல்லாம் புது இடத்திலிருந்து மறுபடி மெயில் போகும். ஆட்டோமேஷன் வரிசைகளை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது, ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருச்சியில் டூவீலர் சர்வீஸ் சென்டரில் 14 வருடமாக வாடிக்கையாளர்களுக்கு போன் செய்து சர்வீஸை ஞாபகப்படுத்துவது என் வேலை. இப்போது அதற்கு சாஃப்ட்வேர் வருகிறது. எனக்கு இனி என்ன வேலை சார்?

பதில்: சகோதரி, பொய்யான ஆறுதல் சொல்ல மாட்டேன். நம்பரைத் தட்டி "சர்வீஸ் தேதி வந்துவிட்டது" என்று சொல்கிற பகுதி போய்விடும். அதை மெஷின் குறைந்த செலவில், விட்டுப்போகாமல் செய்யும். ஆனால் உங்கள் வேலையில் அது ஒரு பகுதிதான், மிச்சத்தை உங்கள் முதலாளி இன்னும் கவனித்திருக்க மாட்டார்.

சாஃப்ட்வேருக்குத் தெரிந்தது மூன்று மாதம் என்ற கணக்கு. பால் ஊற்றுகிறவர் தினம் 80 கிலோமீட்டர் ஓட்டுவார், அவருக்கு மூன்று மாதம் என்பது மிகத் தாமதம். கோயிலுக்கு மட்டும் வண்டியை எடுக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அது சீக்கிரம். யார் வண்டியை விற்றுவிட்டார், யார் மகன் ஊரிலிருந்து வந்தால்தான் சர்வீஸுக்கு விடுவார், எந்த வீட்டில் வண்டி வைத்திருந்தவர் இறந்துவிட்டார், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இறந்தவர் பெயருக்கு "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் வண்டி உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று ஒரு மெசேஜ் அந்த வீட்டு போனில் வந்து விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு எப்படி இருக்கும்! பட்டியலைச் சுத்தம் செய்யாமல் சாஃப்ட்வேரை ஓடவிட்ட இடங்களில் இது நடக்கத்தான் செய்கிறது.

அதனால் டெமோ காட்ட ஆள் வருகிற அன்று நீங்களும் உட்கார வேண்டும் என்று கேளுங்கள். பட்டியலைத் திருத்துவது, யாருக்கு எத்தனை நாள் இடைவெளி என்று பிரிப்பது, வருகிற பதில்களைப் படித்து அன்றே போன் செய்வது, இந்த மூன்றையும் உங்கள் பொறுப்பாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் வாங்குவது முக்கியம். எக்செல்லில் வடிகட்டுவது, வரிசைப்படுத்துவது மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும்.

இதைப் படிக்கிற முதலாளிகளுக்கும் சொல்கிறேன். சாஃப்ட்வேர் வந்த மாதமே இப்படிப்பட்ட ஒருவரை அனுப்பிவிட்டால், பதில் வந்தும் படிக்க ஆள் இல்லாத ஒரு நம்பர்தான் உங்களிடம் மிஞ்சும். குறைந்தது ஒரு வருடம் இரண்டும் சேர்ந்து ஓடட்டும். மாற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதன் பாரம் முழுவதையும் சம்பளம் குறைந்தவர் தலையில் இறக்குவது நியாயம் இல்லை.

கேள்வி: பொங்கல் வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்தையெல்லாம் ஏஐயை எழுதவைத்துத் தானாக அனுப்பலாமா?

பதில்: பொங்கல் வாழ்த்து அனுப்பலாம், ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, உங்கள் கடையில் பேசுகிற தமிழாக இருக்கிறதா என்று திருத்திவிட்டு. பிறந்தநாளுக்கு வேண்டாம், வாடிக்கையாளர் நிரப்பிய ஃபார்மிலிருந்து எடுத்த தேதி பல நேரம் தவறாகத்தான் இருக்கும், நம் ஊரில் பள்ளியில் சேர்க்க ஜூன் மாதத் தேதி போட்டவர்கள் எத்தனையோ பேர். அதற்குப் பதில் அவர் உங்களிடம் முதலில் வாங்கிய தேதியை எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பில்லிலேயே இருக்கிறது.