இரத்தம் தடிப்பு என்றால் எடுத்துவிடலாமா?

இதய கிளினிக்கில் நெடுங்காலம் தாதியாக நின்று ஓய்வு பெற்றவள் நான். பிறவி இதயக் கோளாறால் உதடும் நகமும் நீலம் பாரித்தபடியே வளர்ந்தவர்களும் அவர்களின் வீட்டாரும் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

கொக்குவில் தம்பி: ஈமோகுளோபின் 20, பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணு எத்தனை வீதம் என்ற அளவு) 62. இரத்தம் எடுத்தால் பாரிசவாதம் வராது என்கிறார்கள். எடுக்கவா அக்கா?

தலையிடி, கண் மங்கல், விரல் விறைப்பு ஏதும் இருக்கிறதா? இல்லையென்றால் வேண்டாம் தம்பி. ஒட்சிசன் குறைவை ஈடுகட்டத்தான் உங்கள் உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டி வைத்திருக்கிறது. எடுக்கிற இரத்தத்தோடு இரும்புச்சத்தும் போய்விடும். இரும்பு குறைந்த சிவப்பணு சிறுத்து விறைத்துவிடும். நுண்குழாய்க்குள் வளைந்து நெளிந்து போகாது. 1996இல் இப்படிப்பட்ட 162 பேரைப் பார்த்த ஓர் ஆய்வில், பாரிசவாதத்தோடு அதிகம் தொடர்புபட்டது சிறுத்த சிவப்பணுதான். உயர் இரத்த அழுத்தம், ஒழுங்கற்ற இதயத்துடிப்பு, முன்பு இரத்தம் எடுத்தது ஆகியவையும் அதில் வந்தன.

பி.சி.வி. 65ஐத் தாண்டி, அறிகுறிகளும் கடுமையாக இருந்து, நீர் வற்றலோ இரும்புக் குறைவோ இல்லை என்று உறுதியானால் மட்டும் எடுப்பார்கள். அதுவும் எடுத்த அளவுக்குச் சேலைன் ஏற்றித்தான். ‘தடிப்பு’ என்றதும் ஊசியைத் தேடுகிற பழக்கம் எனக்கு எப்போதும் பிடித்ததில்லை.

சாவகச்சேரித் தங்கச்சி: அண்ணாவுக்கு இரும்புக் குளிசை தந்திருக்கினம். இரத்தம் இன்னும் தடிக்காதோ?

நல்ல கேள்வி. இரும்பு குறைந்தாலும் தலையிடி, களைப்பு வரும். தடிப்பு என்றே நினைக்க வைக்கும். குளிசை சரிதான், ஆனால் ஈமோகுளோபின் சட்டென்று ஏறிவிடும். சிறிய அளவில் தொடங்கி, இரத்தம் சோதித்து, இரும்பு நிறைந்ததும் டொக்டர் நிறுத்தச் சொல்வார். நீங்களாக ஒரு பெட்டி கூட வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நல்லூர் அம்மா: மகன் கந்தசஷ்டிக்குத் தண்ணீரும் குடியாமல் இருக்கப்போறான்.

வேண்டாம் அம்மா. நீர் வற்றினால் இரத்தம் அன்றைக்கே தடிக்கும். பாலும் பழமும் இளநீரும் எடுத்துப் பிடிக்கட்டும், முருகன் கோபிக்கமாட்டார். வயிற்றோட்டம், வாந்தி என்றாலும் வீட்டில் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

மானிப்பாய் அண்ணா: சேலைன் ஏற்றும்போது குழாயில் காற்றுக்குமிழ் இருந்தால் பயமா?

மற்றவர்களுக்குச் சிறு குமிழை நுரையீரல் தடுத்துவிடும். உங்களுக்கு இதயத்தில் உள்ள ஓட்டை வழியே நேரே மூளைக்குப் போகலாம். கட்டியான இரத்தமும் அதே வழிதான். நான் குழாயை நகத்தால் தட்டித் தட்டி, கடைசிக் குமிழும் மேலேறும்வரை ஊசியோடு பொருத்தமாட்டேன். காற்று வடிகட்டி போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பெயர் வேண்டாம் என்றவருக்கு: ஈஸ்ட்ரஜன் சேர்ந்த கருத்தடைக் குளிசை உங்களுக்குச் சரிவராது, இரத்தக் கட்டியைக் கூட்டும். வேறு முறைகள் உண்டு, கிளினிக்கில் கதையுங்கள்.

பருத்தித்துறை தம்பி: காய்ச்சலோடு மூன்று நாளாகத் தலையிடி. பனடோல் போடவா?

பனடோலோடு நிற்காமல் இன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். நீலம் பாரித்தவர்களுக்கு மூளையில் சீழ்க்கட்டி வரலாம், அது பாரிசவாதம் போலவே தெரியும். வாய் கோணினாலோ கை சோர்ந்தாலோ 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.