தமிழர்களுக்கு ஏன் குடும்பப் பெயர் இல்லை? மார்க்கபந்து, ஏழுமலை போன்ற வேலூர்ப் பக்கத்துப் பெயர்கள் எங்கிருந்து வந்தன?

கேள்வி கேட்டவர் குடியாத்தம் பக்கத்துக்காரர். தாத்தா பெயர் மார்க்கபந்து, அப்பா பெயர் ஏழுமலை என்று எழுதியிருக்கிறார். வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பத் தெரியாமல் திகைத்ததாகவும், "நமக்கென்று பரம்பரைப் பெயர் ஒன்றும் இல்லையா?" என்று மனம் வருந்தியதாகவும் சொல்கிறார். பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்ற யோசனையும் கூடவே இருக்கிறது. வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து இந்தப் பெயர்களை வாய்விட்டுப் படித்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் தாத்தாவின் பெயர். தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ மார்க்கபந்து என்று ஒருவரைப் பார்ப்பது அரிது. எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒருவராவது இருப்பார். காரணம் விரிஞ்சிபுரம். வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் இருக்கும் அந்தச் சிவன் கோயிலின் மூலவர் மார்க்கபந்தீஸ்வரர், தமிழில் வழித்துணைநாதர். மிளகு மூட்டைகளோடு இவ்வழியே போன வணிகர் ஒருவருக்குக் காவலாக இறைவனே கூட நடந்தார் என்பது தலபுராணம். ஆரணி அருகே அடையபலத்தில் பிறந்த அப்பைய தீட்சிதர் இந்தச் சுவாமியின் மேல் பாடிய தோத்திரத்தைப் பயணம் புறப்படும் முன் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்தக் கோயிலில் கார்த்திகை மாதக் கடைசி ஞாயிறு பெரிய விசேஷம். பிள்ளை இல்லாத பெண்கள் முந்தின இரவே வந்து சேர்ந்துவிடுவார்கள். நள்ளிரவில் குளத்தில் மூழ்கி எழுந்து, ஈரப் புடவையோடு பிரகாரத்தில் படுத்துக்கொள்வார்கள். கார்த்திகைக் குளிரில், கருங்கல் தரையில், வரிசை வரிசையாக அவர்கள் படுத்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் பேச்சு வராது. கனவில் பழமோ பூவோ கிடைத்தால் குழந்தை உண்டு என்பது நம்பிக்கை. அப்படிப் பிறந்த ஆண் பிள்ளைக்கு மார்க்கபந்து என்றும், பெண் பிள்ளைக்கு அம்பாள் மரகதாம்பிகையை நினைத்து மரகதம் என்றும் பெயர் வைப்பார்கள். ஆகவே உங்கள் தாத்தாவின் பெயருக்குப் பின்னால் ஒரு தாயின் வேண்டுதல் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

திரௌபதி அம்மன் கோயில்களிலும் இதே கதைதான். வேலூரும் சேர்ந்திருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் கோடைக்காலம் என்றால் பாரதம்தான். பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று வேடம் கட்டியவர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகக் கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியை ஏந்திக்கொண்டு நிற்பார்கள். தர்மன், அர்ச்சுனன், சகாதேவன், திரௌபதி, பாஞ்சாலி என்று என் பதிவேட்டில் பாரதமே வரிசையாக உட்கார்ந்திருந்த வகுப்புகள் உண்டு. புத்தகத்தில் படித்து வைத்த பெயர்கள் அல்ல அவை. ஊர்த் திடலில் விடிய விடியக் கண்விழித்துப் பார்த்து வைத்த பெயர்கள்.

உங்கள் அப்பாவின் பெயர் இன்னும் எளிது. திருப்பதி எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. புரட்டாசிச் சனிக்கிழமை விரதமும் முடி காணிக்கையும் இல்லாத வீடு குறைவு. அதனால்தான் தெருவுக்குத் தெரு ஏழுமலை, கோவிந்தசாமி, வெங்கடேசன், அலமேலு, மங்கம்மாள். ஒரே வகுப்பில் ஏழுமலைகள் பலர் சேர்ந்துவிட்டால் பிள்ளைகளே தீர்த்துவைப்பார்கள்: ஏரிக்கரை ஏழுமலை, டெய்லர் வீட்டு ஏழுமலை, நெட்டை ஏழுமலை. முனுசாமி, முனியம்மாள், முனிரத்தினம் எல்லாம் ஊர் எல்லையில் நிற்கும் முனீஸ்வரன் கொடுத்தவை. படவேட்டு ரேணுகாம்பாளைக் குலதெய்வமாகக் கொண்ட வீடுகளில் ரேணுகாவும் பரசுராமனும் பிறப்பார்கள். திருவண்ணாமலை 1989 வரை எங்கள் மாவட்டம்தான். அண்ணாமலை, அருணாசலம், உண்ணாமலை ஆகிய பெயர்கள் அங்கிருந்து வந்தவை. சோளிங்கருக்கு நரசிம்மன், வள்ளிமலைக்கு வள்ளியம்மாள்.

ஒரே பெயருக்கு இரண்டு வீடுகளில் இரண்டு பொருள் இருப்பதும் உண்டு. வேலூரில் ஒரு வீட்டில் பத்மாவதி என்றால் அது திருச்சானூர்த் தாயார். வந்தவாசி, ஆரணிப் பக்கம் தமிழ்ச் சமணர் வீட்டில் பத்மாவதி என்றால் தீர்த்தங்கரர் பார்சுவநாதரின் காவல் தெய்வமான யட்சி; அவளுக்கு இணையான யட்சன் தரணேந்திரன். அந்த வீட்டில் அண்ணன் பெயர் தரணேந்திரன் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மனம் கனக்கும் பெயர்களும் இருக்கின்றன. முதல் இரண்டு, மூன்று குழந்தைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும் பெயர் வைத்தார்கள். எமன் கண்ணுக்கு இது விலையில்லாத பொருளாகத் தெரியட்டும் என்ற தவிப்பு அது. மண்ணாங்கட்டி, பிச்சை என்ற பெயர்களும் அப்படி வந்தவையே. பிள்ளைகள் கேலி செய்தபோதெல்லாம் வகுப்பை நிறுத்திவிட்டு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பெண் குழந்தைகள் தொடர்ந்து பிறந்தால் 'வேண்டாம்' என்று வைத்தார்களே, அந்தப் பெயரை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியாது. வருகை எடுக்கும்போது அதைக் கூப்பிட நா கூசும். அந்தப் பெண்களை நான் 'அம்மா' என்றுதான் அழைத்தேன்.

இனி, பரம்பரைப் பெயர் இல்லையா என்ற கேள்வி. எங்கள் மாவட்டத்தோடு தொடர்புள்ள மூன்று பெரியவர்களின் தலைப்பெழுத்தைப் பாருங்கள். இளமையை வாலாஜா அருகே வேலம் கிராமத்தில் கழித்த மு. வரதராசனாரின் 'மு', அப்பா முனுசாமி. திருத்தணியில் பிறந்து வேலூர் ஊரிசுக் கல்லூரியில் படித்த எஸ். ராதாகிருஷ்ணனின் 'எஸ்' அப்பா பெயர் அல்ல. சர்வபள்ளி என்பது முன்னோர் ஊரிலிருந்து வந்த தெலுங்கு வீட்டுப் பெயர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியாரின் 'ஏ' ஆற்காடு. ராதாகிருஷ்ணனின் மகனும் சர்வபள்ளி கோபால்தான். அந்த எழுத்து தலைமுறை தாண்டிப் போகிறது. மு.வ.வின் 'மு' அவரோடு நின்றுவிட்டது. 1911 வரை சித்தூரும் வட ஆர்க்காட்டில்தான் இருந்தது. ஆகையால் காட்பாடியிலும் குடியாத்தத்திலும் ஒரே தெருவில் ஒரு வீட்டில் தலைப்பெழுத்து அப்பா, அடுத்த வீட்டில் அது வீட்டுப் பெயர்.

மு.வ.வைப் பற்றி இன்னொன்று. பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் திருவேங்கடம். ஆனால் நிலைத்தது தாத்தாவின் பெயரான வரதராசன். நம்மிடம் பரம்பரை இப்படித்தான் நடந்தது: அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டு வராமல், தாத்தா பெயர் பேரனுக்குத் திரும்பி வரும். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததால், அந்தப் பேரனை வீட்டில் 'பெரியவரே' என்றோ 'ராஜா' என்றோ கூப்பிட்டார்கள். பள்ளியில் சேர்க்க வந்த தாய் பிள்ளையின் பெயரைச் சொல்ல மாட்டாமல் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பதை நான் நேரிலேயே கண்டிருக்கிறேன்.

பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது சாதிப் பட்டம். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு அதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அடுத்தடுத்த தலைமுறைகள் அதை ஏற்று விட்டுவிட்டார்கள். உங்கள் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அது குறை அல்ல. நம் மக்கள் தெரிந்தே இறக்கி வைத்த சுமை. யாராவது "பழைய பட்டத்தைப் போட்டுவிடுங்கள், சுலபம்" என்று யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

கட்டத்தைக் காலியாக விடுவதிலும் சிக்கல் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. அமெரிக்க விசாவிலோ ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்துகள் ஏறிவிடும். எனவே அங்கே அப்பா பெயரை முழுமையாக எழுதுங்கள். ஏழுமலை என்பது குடும்பப் பெயர் இடத்தில் நிற்பதில் எந்தத் தவறும் இல்லை. அம்மா பெயரை எழுத விரும்பினால் அதையும் தாராளமாக எழுதலாம்.

எழுத்துக்கூட்டலில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். ஏழுமலையை ஆங்கிலத்தில் 'இ' போட்டும் எழுதுகிறார்கள், 'ஒய்' போட்டும் எழுதுகிறார்கள். நடுவில் 'ழு'வுக்கு ஒரு எழுத்தா இரண்டா என்பது எழுதுபவர் கையைப் பொறுத்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று ஆகிவிட்டு, என் மாணவர்கள் வருடக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். மூன்றையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

குழந்தைக்கு உங்கள் மனத்துக்குப் பிடித்த புதுப் பெயரையே வையுங்கள். யாழினியும் வெற்றிச்செல்வனும் அழகான பெயர்கள்தான். ஆனால் எண் கணிதக்காரர் கூட்டிக் கழித்துச் சொல்லும், வீட்டில் ஒருவருக்கும் பொருள் தெரியாத ஓசையை வைக்காதீர்கள். பெண்ணாக இருந்தால் மரகதம், பையனாக இருந்தால் வழித்துணை என்று இரண்டாம் பெயர் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம் என்பது என் ஆசை. அவசரம் வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்; அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை இடம் உண்டு. அதற்குள் ஒரு முறை பாட்டியைக் கலந்து பேசிவிடுங்கள்.