மகள் கரும்பொருளைத் தேடப் போகிறேன் என்கிறாளா?

அம்மா, "இதுவரை யாருமே கண்டுபிடிக்காததைத் தேடப் போகிறேன் என்கிறாள், கடைசிவரை கிடைக்காவிட்டால் அவள் கதி என்ன?" என்று கேட்டீர்கள். நியாயமான கவலைதான். மழுப்பாமல் சொல்கிறேன்.

கரும்பொருள், அதாவது ஒளி விடாததால் கண்ணுக்குத் தெரியாத பொருள் (dark matter), வெறும் கற்பனை அல்ல. விண்மீன் மண்டலங்கள் சுழலும் வேகத்தை 1970களில் வேரா ரூபின் அளந்தபோது, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அந்த வேகத்துக்குப் போதவில்லை. சாதாரணப் பொருளைப்போல் சுமார் 5 மடங்கு கரும்பொருள் இருப்பதாகக் கணக்கு. அது எந்தத் துகள் என்பதுதான் புதிர்.

ஜெனீவா அருகே உள்ள செர்ன் (CERN) துகள் இயற்பியல் ஆய்வகத்தில், 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்களை மோதவிட்டு அதைத் தேடுகிறார்கள். கரும்பொருள் உண்டானாலும் உணர்கருவியில் தடம் பதிக்காமல் போய்விடும். பிறகு எப்படிப் பிடிப்பது? மோதலுக்கு முன் பக்கவாட்டு உந்தம் (புரோட்டான்கள் ஓடும் திசைக்குக் குறுக்கே, நிறையும் வேகமும் சேர்ந்த அளவு) ஏறக்குறைய பூஜ்யம். மோதிய பின்பும் கூட்டினால் அதே பூஜ்யம் வரவேண்டும். ஒரு பக்கம் துகள்கள் கொத்தாகப் பீறிட, எதிர்ப்பக்கம் வெறிச்சென்று கிடந்தால் எதுவோ நழுவியிருக்கிறது. ஆனால் இசட் போசான் என்ற கனமான துகள், கருவியில் சிக்காத இரண்டு நியூட்ரினோ துகள்களாகச் சிதைந்தாலும் அச்சு அசலாக இதே காட்சிதான். கருவியில் ஒரு மூலை பழுதானாலும் அப்படியே தெரியும். அதனால் இசட் போசான் இரண்டு மியூவான்களாக (கருவியில் தடம் பதிக்கும் துகள்கள்) சிதைவதை எண்ணி, அதிலிருந்து நியூட்ரினோ பங்கைக் கணித்துக் கழிக்கிறார்கள். உங்கள் மகளின் நாட்கள் பெரும்பாலும் இந்தக் கழித்தலில்தான் போகும். இதில் பொறுமை இருக்கிறதா என்பதுதான் நான் பார்க்கும் முதல் தகுதி, மதிப்பெண் அதற்குப் பிறகு.

கிடைக்காவிட்டால்? "இந்த நிறையுள்ள கரும்பொருள் துகள் இந்த அளவுக்கு மேல் உண்டாவதில்லை" என்பதும் முடிவுதான். அதை ஆய்வேடாக எழுதிப் பிஎச்.டி. வாங்கியவர்கள் ஏராளம்.

வேலை விஷயத்தில் மறைக்க ஒன்றுமில்லை. நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு. பட்டத்துக்குப் பிறகு இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் ஊர் ஊராக மாற வேண்டியிருக்கும். இதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். துறையை விட்டு வந்தாலும் புள்ளியியல், பைத்தான், சி++, இயந்திரக் கற்றல், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்த குழுவில் வேலை செய்த பழக்கம் எல்லாம் கையில் இருக்கும். தரவுப் பகுப்பாய்வு, நிதித்துறை, மருத்துவப் படமெடுப்பு என்று போனவர்கள் நிறைய.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். செர்னின் திறந்த தரவுத் தளத்தில் அந்த வளையத்தில் உள்ள பெரிய உணர்கருவிகளில் ஒன்றான சிஎம்எஸ் (CMS) சோதனையின் உண்மையான மோதல் தரவு இலவசமாகவே இருக்கிறது. அதில் மியூவான் இணைகளை எடுத்து நிறையைக் கணக்கிட்டு வரைபடம் போடட்டும். 91 ஜிஇவி (GeV, துகள் நிறையைச் சொல்லும் அலகு) அருகே இசட் போசானின் முகடு எழும். ஒரு மாதம் இதில் உட்காரட்டும். முகடு ஏன் ஊசிபோல் இல்லாமல் அகலமாக இருக்கிறது என்று அவளே நோண்ட ஆரம்பித்தால், அந்த வரைபடத்தோடு இருவரும் வாருங்கள். எந்தப் பல்கலைக்கழகக் குழுக்கள் எந்தச் சோதனையில் இருக்கின்றன என்று பார்த்து விண்ணப்பத்தைத் தொடங்குவோம்.